கிறெனெல் என்றொரு மெத்ரோ நிலையம்: றெஜின் றொபனும் ‘பெயரும் எழுத்து’ம்

பாரிஸில் ஆறாம் இலக்க மெத்ரோவில் ஓடித்திரிகிற எமது ஆட்களுக்கு பிர்-ஹக்கேம் நிலையம் தெரியாமல் இராது. ஊரிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருகிற சொந்தக்காரரை ஈபிள் கோபுரம் காட்டவென்று கூட்டிப்போய் இறக்குகிற இடம் அது. ரயில் செயின் நதிமேல் பாலத்தில் ஏறியதும் பெட்டியிலுள்ள அத்தனை பேரும் ஒரே பக்கமாகத் திரும்புவார்கள். நாமும் அந்தப் பக்கத்து றெஸ்ரோறன்ற் ஒன்றின் குசினியில் மூன்று வருடம் கோப்பை கழுவினோம். அந்த நிலையத்துக்கு 1949 வரையில் ‘கிறெனெல்’ என்று பெயர் இருந்ததை அந்த மூன்று வருடத்தில் எவரும் எமக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் நெலாத்தோன் தெருவில் கூரை போட்ட சைக்கிளோட்ட அரங்கு ஒன்று இருந்ததையும் சொல்லவில்லை. 1942 ஜூலை 16, 17 ஆம் திகதிகளில் பிரெஞ்சுப் பொலிஸ் பாரிஸையும் சுற்றுப்புறங்களையும் வளைத்து 13,000 க்கு மேற்பட்ட யூதர்களைப் பிடித்தது. பிள்ளைகுட்டிகளோடு அகப்பட்டவர்களை அந்த அரங்குக்குள் அடைத்துவைத்து, பின் முகாம்கள் வழியாக அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். பிடிபட்டவர்களில் 4,000 க்கும் அதிகமானோர் பிள்ளைகள். அரங்கு 1959 இல் இடிக்கப்பட்டது. பிரெஞ்சில் இதனை ‘றாஃப்ல்’ என்கிறார்கள். எமது சனத்துக்கு ‘ரவுண்டப்’ என்றால் விளங்கும்.

இவற்றையெல்லாம் நாம் அறிந்துகொண்டது மொன்றியல் நகரைப் பற்றிய ஒரு நாவலில் இருந்து. 1983 இல் மொன்றியலில் வெளிவந்த ‘லா கெபெக்குவாத்’ என்ற அந்த நாவலின் ஆசிரியை றெஜின் றொபன். கதை நடப்பது கனடாவில். ஆனால் பாரிஸின் இந்த ஒரு மெத்ரோ நிலையத்தின் பெயர் பல்லில் அகப்பட்ட தும்பு மாதிரி நாவல் முழுக்க வந்துகொண்டேயிருக்கிறது.

எமது பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. மத்தியானச் சேர்விசுக்கும் இரவுச் சேர்விசுக்கும் இடையே ‘கூப்யூர்’ என்று விடுகிற இரண்டரை மணித்தியாலத்தில், நகரசபை நூலகத்தின் சூட்டுக்குள் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று பக்கம், நான்கு பக்கம் என்று வாசித்தோம். யாழ்ப்பாணத்தில் இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்த படிப்பின் மிச்சப் பழக்கம் அது. பெரிய குக்காக இருந்த அண்ணை, “தம்பியவை, உதை வாசிச்சு என்னத்தைக் காணப்போறியள்? விசா கார்டைப் புதுப்பிக்கிற வழியைப் பாருங்கோ” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

தலைப்பிலேயே இடறிவிழுந்தோம். ‘கெபெக்குவாஸ்’ என்றால் கியூபெக் மாகாணத்துக்காரி. அதில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் கடைசியில் ‘குவாத்’ என்று வருகிறது. அது ‘வாயடங்கிப்போனவள்’ என்று பொருள்படும் பெண்பாற் சொல். கியூபெக்காரியாக ஆகமுடியாமல் பாதியிலே பேச்சு நின்றுபோனவள். தமிழில் இதனை எப்படிப் பெயர்ப்பது என்று எமக்குத் தெரியவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பும் வேறு தலைப்போடுதான் வந்திருக்கிறது.

றெஜின் றொபன் 1939 டிசம்பரில் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் போலந்து யூதர்கள், வார்சோவுக்குக் கிழக்கே கவூஷின் என்ற சிற்றூரிலிருந்து வந்தவர்கள். பிறந்தபோது வைத்த பெயர் றிவ்க்கா. வளர்ந்தது பெல்வில்லில். இன்று எமது சனம் மரக்கறி வாங்க இறங்குகிற அதே பெல்வில் மெத்ரோவைச் சுற்றி அந்நாளில் இட்டிஷ் பேசும் தையற்காரரும் தோல் வேலைக்காரரும் நிறைந்திருந்தார்கள். ‘இ’ எழுத்தே இல்லாமல் ஒரு முழு நாவல் எழுதிய ஜோர்ஜ் பெரெக் சிறுபிள்ளையாய்த் தவழ்ந்த விலான் தெருவும் அங்கேதான். பெரெக்கின் தாயார் 1943 இல் அவுஷ்விட்ஸுக்கு ஏற்றப்பட்டார். றொபனின் பெற்றோரது ஊரிலே தங்கிவிட்ட உறவுகள் அநேகமாக எவரும் மிஞ்சவில்லை. குழந்தை றிவ்க்கா பாரிஸில் தப்பிக்கொண்டாள்.

பின் வந்தது பிரெஞ்சுக் குடியரசின் வழமையான ஏணி. ஏழைக் குடும்பத்துக் கெட்டிக்காரப் பிள்ளை, அரசு உயர் கல்லூரி, வரலாற்றில் கடினமான போட்டிப் பரீட்சை, ஆசிரியத் தொழில். அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட விடயம் யூதருமல்ல, அகதிகளுமல்ல. பூர்கோஞ் பிரதேசத்தில் செமூர்-ஆன்-ஒக்சுவா என்ற சிறு நகரின் 1789 ஆம் ஆண்டுச் சமூகம். புரட்சிக்குச் சற்று முன்னர் ஊர்ச்சனம் அரசனுக்கு எழுதிய குறைமனுக்களின் சொற்களை எண்ணிப் பிரித்து, எந்தச் சொல்லை எந்த வர்க்கம் எப்படிப் பாவித்தது என்று பார்த்தார். 1970 இல் அது நூலாயிற்று. ‘வரலாறும் மொழியியலும்’ என்ற அடுத்த நூல் 1973 இல். ஒரு சொல்லை ஆர் சொல்கிறார், ஆருக்காகச் சொல்கிறார் என்ற கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை.

1977 இல் அவர் மொன்றியலுக்குப் பெயர்ந்தார். இது அகதிப் பயணம் அல்ல. கையில் பட்டமும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டும் உள்ள ஒருவரது பயணம். இந்த வித்தியாசத்தை மறைத்து அவரை எம்மில் ஒருவராக்கிக் கொண்டாடுவது கள்ளத்தனம் என்றே நினைக்கிறோம். ஆனாலும் பிரெஞ்சு பேசும் நகரத்துக்குப் போன பிரெஞ்சுக்காரி, அங்கேயும் நீ எவ்விடத்தாள் என்று கேட்கப்பட்டாள்.

அதே 1977 ஆகஸ்டில்தான் கியூபெக்கில் 101 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அதற்குமுன் அங்கே குடிவந்தவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கே அனுப்பினார்கள். வேலையும் காசும் ஆங்கிலத்தில் இருந்தபடியால் அதில் வியப்பில்லை. 1968-69 இல் மொன்றியலின் சென்-லெயொனார் பகுதியில் இத்தாலியக் குடும்பங்களின் பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பது என்ற பிரச்சினை தெருச்சண்டையாகவே முடிந்தது. புதிய சட்டம் வந்தபின் குடிவந்தோர் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்குப் போகவேண்டியதாயிற்று. பின்னாளில் கோத்-தெ-நேஜ் பகுதியில் குடியேறிய எமது சனத்தின் பிள்ளைகள் ரொறன்ரோ மச்சான்மாருக்கு முன்னால் பிரெஞ்சில் வெட்டி விளாசுவதற்குக் காரணம் இந்தச் சட்டம்தான். தனது மொழி அழிந்துபோகும் என்று பயந்த ஒரு சிறு தேசம் கொண்டுவந்த சட்டம், அந்த மொழியை ஹெயிற்றிக்காரனுக்கும் வியட்நாமியனுக்கும் தமிழனுக்கும் கையளித்துவிட்டது. பிறகு அவர்கள் அந்த மொழியில் எழுதத் தொடங்கியபோது, இது ஆருடைய இலக்கியம் என்ற சிக்கல் வந்தது.

‘லா கெபெக்குவாத்’ மூன்று பகுதிகளாக உள்ளது. பாரிஸிலிருந்து வந்த யூதப் பெண் ஒருத்தி மொன்றியலில் தான் வாழக்கூடிய வாழ்க்கையை மூன்று தரம் கற்பனை செய்துபார்க்கிறாள். ஒருமுறை சினோடன் என்ற பழைய யூதக் குடியிருப்பில், ஒருமுறை வசதியான பிரெஞ்சுக்காரரின் ஊத்ரெமோனில், ஒருமுறை ஜோன்-தலோன் சந்தையைச் சுற்றியுள்ள குடியேறிகளின் தெருக்களில். மூன்று முறையும் வாழ்க்கை ஒட்டவில்லை. திரும்பிப் பாரிஸுக்கே போகிறாள். நடுவே கடைப் பெயர்களின் பட்டியல், ஐஸ்ஹொக்கி விபரம், சாப்பாட்டு விலைப்பட்டியல் எல்லாம் வெட்டி ஒட்டியதுபோல் வருகின்றன. முதலில் எமக்கு எரிச்சலாயிருந்தது. பிறகு, நாம் வந்த புதிதில் லாச்சப்பலிலிருந்து ஸ்ராலின்கிறாட் வரை ஒவ்வொரு கடைப் பலகையையும் எழுத்துக்கூட்டி வாசித்தபடி நடந்தது ஞாபகம் வந்தது. புது நகரத்தில் பட்டியல்தானே முதலில் கிடைக்கிறது. கதை பிறகு.

நாவல் வெளியான அதே 1983 இல் மொன்றியலில் ‘விச்சே வெர்சா’ என்ற சஞ்சிகை தொடங்கிற்று. ஃபுல்வியோ கச்சா, லம்பெர்த்தோ தசினாரி, அந்தோனியோ த’அல்போன்சோ, புறூனோ றமீரெஸ் முதலிய இத்தாலியப் பின்னணிக்காரர் கூடி ஆரம்பித்தது. பிரெஞ்சு, ஆங்கிலம், இத்தாலியன் மூன்றிலும் எழுத்துக்கள் வந்தன. ஒன்றை மற்றதற்கு மொழிபெயர்த்துப் போடமாட்டார்கள். விளங்கினால் வாசி, விளங்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனைக் கேள் என்ற திமிர். அந்தத் தலைமுறை இத்தாலியப் பிள்ளை வீட்டில் கிராமத்துப் பேச்சும், தெருவில் பிரெஞ்சும், பாடசாலையில் ஆங்கிலமுமாக வளர்ந்தது. ஆகவே அவர்களுக்கு இது திமிரே அல்ல, இயல்பு. (தசினாரி பின்னாளில் ஷேக்ஸ்பியர் என்பவரே இத்தாலியக் குடும்பத்து ஜோன் ஃபுளோரியோதான் என்று 2008 இல் ஒரு தடித்த புத்தகம் போட்டார். சிறுசஞ்சிகைக்காரர் எந்த நாட்டிலும் ஒரே மாதிரித்தான்.)

அவர்கள் தூக்கிப்பிடித்த சொல் ‘கலாசாரங்களுக்கூடான’ என்று பொருள்படும் ‘திரான்ஸ்கல்ச்சர்’. அதன் பிறப்பிடம் மொன்றியல் அல்ல, கியூபா. புகையிலையையும் சீனியையும் ஒப்பிட்டு 1940 இல் பெர்னாந்தோ ஒர்த்தீஸ் எழுதிய நூலில் அந்தச் சொல்லை உருவாக்கினார். வந்தவன் தன்னுடையதைத் தொலைத்து இருப்பவனுடையதை ஏற்றுக்கொள்கிறான் என்று அந்நாளைய மானிடவியல் சொன்னதற்கு எதிராக, இருவரும் இழக்கிறார்கள், இருவருக்குமே இல்லாதிருந்த மூன்றாவதொன்று பிறக்கிறது என்றார் அவர். ஒட்டாவா அரசின் ‘பல்கலாசாரம்’ ஒவ்வொருவரையும் அவரவர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, வருடத்துக்கொருக்கால் திறந்து நடனமாட விடுகிறது என்பது விச்சே வெர்சாக்காரரின் கோபம். எமது கலைவிழாக்களை நினைத்துப் பார்த்தால் அந்தக் கோபம் விளங்கும்.

இந்தச் சஞ்சிகையின் 1986-87 குளிர்கால இதழிலேதான் ஹெயிற்றியில் பிறந்த கவிஞரும் மொழியியலாளருமான றொபேர் பெறுவே-ஓறியோல், எமது கட்டுரையின் மையமான சொல்லை முன்வைத்தார்: ‘எக்கிறித்யூர் மிக்ரான்த்’. ‘பெயரும் எழுத்து’ என்று தமிழ்ப்படுத்தலாம். 1988 இல் மொன்றியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பியர் நெப்வூ தமது நூலில் அதனை விரித்தார். ‘குடிவந்தோர் எழுத்து’ என்றால் வந்து சேர்ந்த அனுபவத்தைச் சொல்லும் சமூகச் சான்று என்றாகிவிடுகிறது. ‘பெயரும்’ என்றால் அசைவும் குறுக்கறுப்பும் எழுத்தினுடைய குணமாகின்றன. அப்போது உள்ளூர்க் கவிஞனும் அதற்குள் வரலாம் என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

இந்த வேறுபாடு வெறும் பேராசிரியர் விளையாட்டல்ல என்பதற்கு எமது அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வு மாணவி, அகதிகளின் எழுத்துப் பற்றித் தனது ஆய்வேட்டுக்காக எம்மைத் தேடி வந்தார். நல்ல பிள்ளை. நாம் எழுதிய சிறுகதை ஒன்றை ஒரு நண்பர் பிரெஞ்சில் சொல்லக் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, “இது உண்மையாக நடந்ததா?” அகதி மனு விசாரணையிலும் எம்மிடம் இதைத்தான் கேட்டார்கள். அங்கே நடந்ததைச் சொன்னபோது கதை என்றார்கள். இங்கே கதையைச் சொன்னபோது நடந்ததா என்கிறார்கள்.

அந்தச் சொல் கியூபெக் பல்கலைக்கழகங்களில் நன்றாக வேர்விட்டது. 1990களில் அதன்மேல் கருத்தரங்கு, பாடநெறி, ஆய்வேடு எல்லாம் கட்டப்பட்டன. ஹெயிற்றியின் எமில் ஒலிவியே, ஷாங்காயிலிருந்து 1989 இல் வந்த யிங் சென், பிறேசிலின் சேர்ஜியோ கொக்கிஸ் போன்றோர் பாடப்பொருளாயினர். 2001 இல் கிளெமான் முவாசானும் றெனாத் ஹில்டபிராண்டும் 1937 முதல் 1997 வரையான அறுபது வருடத்தை நான்கு காலகட்டமாகப் பிரித்து இந்த எழுத்துக்கு ஒரு வரலாறே எழுதிவிட்டார்கள். 2005 இல் சிமோன் ஹரெல், இந்த வகைப்பாடே எழுத்தாளன் கட்டாயம் புகுந்து வரவேண்டிய கணவாயாகிவிட்டதென்று விமர்சித்து நூல் எழுதினார். றொபன் இதை முன்னமே கண்டிருந்தார். கச்சாவும் இன்னொருவரும் தொகுத்து 1992 இல் வந்த நூலில், இனக்குழு அடையாளத்திலிருந்து வெளியேறுவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மொன்றியலிலுள்ள கியூபெக் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியையாக இருந்தபடி, சோஷலிச யதார்த்தவாதம் பற்றிய நூலுக்காக 1986 இன் ஆளுநர் நாயகம் விருதைப் பெற்றவர் அவர். இட்டிஷ் மொழி பற்றி 1984 இலும், தாய்மொழியை இழந்த எழுத்தாளர்களான காஃப்கா, கனெற்றி, பெரெக் பற்றி 1993 இலும் நூல்கள் எழுதியவர். ஆனால் ‘பெயரும் எழுத்து’ மாணவர்களுக்கு அவர் முதலில் ‘லா கெபெக்குவாத்’தின் ஆசிரியை. ஆராய்கிற இடத்திலும் ஆராயப்படுகிற இடத்திலும் ஒரேயடியாக நிற்பது சுலபமல்ல.

1995 ஒக்ரோபர் 30 இல் கியூபெக் பிரிவினைக்கான வாக்கெடுப்பு 50.58க்கு 49.42 வீதம் என்று தோற்றது. அன்றிரவு மாகாண முதல்வர் ஜாக் பரிசோ தோல்விக்குக் காரணம் பணமும் இனக்குழு வாக்குகளும் என்றார். அந்த ‘இனக்குழு’வுக்குள் பிரஜாவுரிமை எடுத்திருந்த எமது சனமும் அடக்கம். மறுவருடம் நாவலாசிரியை மொனிக் லரூ ஓர் உரை நிகழ்த்தினார். குடிவந்த எழுத்தாளருக்கே பரிசெல்லாம் போகிறது, அவர்கள் எழுதுவது கியூபெக் இலக்கியமே அல்ல என்று ஒரு சக எழுத்தாளர் தன்னிடம் முறையிட்டதைச் சொல்லி, நிலத்தை அளப்பவன், கடலோடி என்ற இரு உருவங்களை வைத்து அந்த முறைப்பாட்டை மறுத்தார். அவர் மறுத்ததை விட்டுவிட்டு, முறைப்பாட்டை எடுத்துச் சொன்னதையே குற்றமாக்கி ஒரு சஞ்சிகை ஆசிரியர் இனவாதி என்று எழுத, பத்திரிகைகள் மாதக்கணக்காக அடிபட்டன. அதே 1996 இல் ‘விச்சே வெர்சா’ நின்றுபோனது. பதின்மூன்று வருடம் ஒரு சிறுசஞ்சிகைக்கு நீண்ட ஆயுள்தான். எமது ஐரோப்பியச் சஞ்சிகைகளின் ஆயுளை அறிந்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை.

றொபன் 2011 இல் எழுதிய நூலின் தலைப்பு ‘நாங்கள், மற்றவர்கள்’ என்று வரும். கியூபெக் பேச்சில் ‘நூஸோத்ர்’ என்றால் வெறும் ‘நாங்கள்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நாங்கள் மற்றவர்கள்’. பிரெஞ்சில் ஒரேயொரு ‘நூ’. பேசுபவர் எதிரே இருப்பவரைச் சேர்த்துக்கொள்கிறாரா வெளியே விடுகிறாரா என்பது அதில் தெரியாது. முப்பது வருடம் அங்கே வாழ்ந்த பேராசிரியைக்கு அந்தத் தெரியாமைதான் நோவு. எமக்கு நாம், நாங்கள் என்று இரண்டு உண்டு. அப்படியிருந்தும் யாழ்ப்பாணப் பேச்சில் ‘நாம்’ கேட்பது அரிது; எல்லாவற்றுக்கும் ‘நாங்கள்’தான். எழுத்தில் மட்டும் ‘நாம்’ போடுகிறோம், இந்தக் கட்டுரையிலும் அப்படியே. 1990 இல் யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் நண்பர் ஒருவர் லாச்சப்பலில் தேநீர் குடித்தபடி, “உங்கட நாமுக்குள்ள நான் இருக்கிறனா?” என்று கேட்டார். பதில் சொல்ல எமக்கு நேரம் எடுத்தது.

எமது பக்கத்திலும் ஏறத்தாழ அதே வருடங்களில்தான் சொல் பிறந்தது. 1988 இல் ஜேர்மனியில் இலக்கியச் சந்திப்புத் தொடங்கியது. 1994 இல் ‘பனியும் பனையும்’ தொகுப்பு வந்தது. ‘புலம்பெயர் இலக்கியம்’ நிலைத்தது. அந்தச் சொல் பட்டினப்பாலையிலேயே உண்டு. அங்கே அது, காவிரிப்பூம்பட்டினத்துக்கு வேறு நாடுகளிலிருந்து வந்து கலந்து வாழ்ந்தவர்களைக் குறித்தது. எம்மிடம் வந்தவனுக்கு வைத்த பெயரை இன்று எமக்கே சூட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அவர்களுக்கும் எமக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுண்டு. விச்சே வெர்சாக்காரர் வந்த நாட்டின் மொழியில் வந்த நாட்டோடு மல்லுக்கட்டினார்கள். நாம் தமிழில் எழுதி தமிழரோடு மல்லுக்கட்டுகிறோம். பக்கத்து மேசையில் சாப்பிடுகிற பிரெஞ்சுக்காரனுக்கு நாம் எழுதுவதே தெரியாது. இது குறையா, ஒருவகைச் சுதந்திரமா என்பதில் எமக்குள்ளேயே உடன்பாடில்லை.

பிரான்சில் கதை வேறு. 1983 இல் மெஹ்தி ஷரெப், 1986 இல் அசூஸ் பெகாக் என்று அல்ஜீரியத் தொழிலாளர் பிள்ளைகள் எழுதியவற்றை ‘பேர் இலக்கியம்’ என்று புறநகரோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். 2007 மார்ச் 16 இல் ‘லு மொந்த்’ பத்திரிகையில் 44 எழுத்தாளர்கள், ‘பிராங்கொஃபோன்’ என்ற தனி அலுமாரி வேண்டாம், பிரெஞ்சில் எழுதப்படும் உலக இலக்கியம் என்று சொல்லுங்கள் என அறிக்கை விட்டனர். அதில் ஒருவர் டனி லஃபெரியேர். 1976 இல் ஹெயிற்றியிலிருந்து தப்பி மொன்றியலில் தொழிற்சாலை வேலை செய்தவர். எந்த நாட்டு எழுத்தாளர் என்று கேட்டுக்கேட்டு அலுத்து, ‘நான் ஒரு யப்பானிய எழுத்தாளன்’ என்ற தலைப்பில் 2008 இல் நாவல் போட்டார். 2013 இல் பிரெஞ்சு அக்கடமிக்குத் தெரிவானார். அவருக்குமுன் அதே ஆசனத்தில் இருந்தவர் ஆர்ஜென்ரீனாவில் பிறந்த எக்தோர் பியான்சியோத்தி. குசினிக்காரருக்காக இன்னொரு பெயரையும் சொல்லவேண்டும்: பத்து வயதில் வள்ளத்தில் தப்பிய கிம் துய். மொன்றியலில் வியட்நாமிய றெஸ்ரோறன்ற் நடத்திக் கடையை மூடியபின் எழுதிய ‘ரு’ 2009 இல் வந்து, அடுத்த வருடம் ஆளுநர் நாயகம் விருது பெற்றது. எமது அண்ணை இதைக் கேட்டுவிட்டு, “கடையை மூடினாத்தான் எழுதலாமெண்டு சொல்லுங்கோ” என்றார்.

றொபனின் தகப்பனார் ஒரு கதை சொல்வாராம். 1920 இல் செம்படை போலந்துக்குள் வந்தபோது, கவூஷினுக்குள் லெனின் வெள்ளைக் குதிரையில் வந்ததைத் தன் கண்ணால் கண்டதாக. லெனின் அங்கே வரவில்லை என்பது வரலாற்றுப் பேராசிரியைக்குத் தெரியாதா? ஆனாலும் 1979 இல் ‘லெனினின் வெள்ளைக் குதிரை’ என்றே ஒரு நூல் எழுதினார். செமூரின் குறைமனுக்களை எண்ணியெண்ணிக் கணக்குப் பார்த்த அதே கையால், நடக்காத ஒன்றை அப்பா கண்ட வரலாற்றையும் எழுதினார். ஆய்வு மாணவிக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதில் இருந்தது. அப்போது நாம் வாசித்திருக்கவில்லை.

2021 பெப்ரவரி 3 இல் றெஜின் றொபன் மொன்றியலில் காலமானார். கொரோனாவுக்காக அங்கே இரவு ஊரடங்கு. இங்கே 2020 ஒக்ரோபர் முடிவிலிருந்து றெஸ்ரோறன்றுகள் பூட்டு. நாம் பகுதிச் சம்பளத்தோடு அறைக்குள் கிடந்தோம். செய்தியை அப்போது கவனிக்கவுமில்லை. அடுத்த வருடம்தான் நூலகத்தில் அந்தப் புத்தகம் கையில் அகப்பட்டது.

புத்தகம் முடிந்த கிழமை ஆறாம் இலக்க மெத்ரோவில் போய் பிர்-ஹக்கேமில் இறங்கினோம். கோபுரத்துக்குப் போகிற சனம் ஒரு பக்கம் போக, நாம் மற்றப் பக்கம் போனோம். நெலாத்தோன் தெரு 7 ஆம் இலக்கத்தில், 2017 இல் திறந்த சிறிய நினைவுத் தோட்டம் உள்ளது. சுவரில் பிள்ளைகளின் பெயர்கள், பக்கத்தில் வயது. போலந்துப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்தோம். இரண்டாவது பலகை முடிவதற்குள் ஐந்து மணியாகிவிட்டது. ஐந்தரைக்கு வேலை.